புன்னையா, நாகேசரமா?

கேள்வி: எங்கள் தெருமுனை மரத்தில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள், நல்ல வாசனை. இலை தடிமனாகப் பளபளவென்று இருக்கிறது. ஒருவர் நாகலிங்கம் என்கிறார், இன்னொருவர் நாகேசரம் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி? விதை போட்டு வளர்க்கலாமா?

பதில்: இரண்டுமே இல்லை, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது புன்னை. நாகலிங்கத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம், பூவும் சிவந்த நிறத்தில் அடிமரத்திலேயே காம்பு விட்டுப் பூக்கும் (பெயரில் நாகம் இருப்பதால் வந்த குழப்பமாகத்தான் இருக்கும்).

நாகேசரம் என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத்தாள்கள் என்று பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நாகேசரப் பூ பெரியது, சுமார் 7 செ.மீ. அகலம் வரும், தனியாகவோ இரண்டாகவோ பூக்கும். புன்னைப் பூ 2.5 செ.மீ. அளவில் கொத்தாக வரும்.

சரி, பூ இல்லாத காலத்தில் என்ன செய்வது? இலைதான் பூவை விட நம்பகமான சாட்சி. ஒரு முற்றிய இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுநரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய நரம்புகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், அகலமான இலை, நுனி மழுங்கியோ லேசாகக் குழிந்தோ இருக்கும், அப்படியென்றால் புன்னையேதான். நாகேசர இலை குறுகலாக, நுனி கூராக, அடிப்புறம் வெளிறி இருக்கும், தளிர் செக்கச்செவேலென்று வரும். காம்பை ஒடித்தால் புன்னையில் பால் வடியும், அது கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புன்னை நெய்தல் நிலத்து மரம், மணலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். காய் உருண்டையாக, பச்சையாக இருக்கும், தண்ணீரில் மிதந்தே வேறு கரைக்குப் போய்விடும். பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயை முன்பு விளக்கெரிக்கப் பயன்படுத்தினார்கள், ஆனால் சமையலுக்கு ஆகாது.

தாராளமாக வளர்க்கலாம். கீழே உதிர்ந்த பழுத்த காயை எடுத்து, சதையை நீக்கி, பருப்பு நசுங்காமல் உள்ளே உள்ள ஓடு மட்டும் லேசாக விரிசல் விடும்படி தட்டிவிட்டு விதையுங்கள், ஓட்டோடு அப்படியே போட்டால் முளைக்க ரொம்ப நாள் ஆகும்.