தேன்தின்னி

அன்புள்ள ஐயா,

ரஷ்ய மொழியில் கரடியை ‘மெத்வேத்’ என்பார்களாம். மதுவும் வேதமும் சேர்ந்த சொல், ‘தேனை அறிந்தவன்’ என்று பொருள் என ஒரு காணொளியில் சொன்னார்கள். சரிதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மது சரி. வேதம் அங்கே இல்லை.

ரஷ்யம், போலிஷ், செக் எல்லாம் கிளைத்த மூல ஸ்லாவியத்தில் எழுதப்பட்ட ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டு மீட்ட சொற்களே உண்டு. அவற்றின் முன்னால் நட்சத்திரக் குறி போடுவது அதனால்தான். கரடிக்கு அப்படி மீட்ட வடிவம் *மெத்வேதி.

அதை மெது + ஏத் என்று பிரிக்க வேண்டும். மெது தேன்; வடமொழி வழியே நம்மிடம் வந்த ‘மது’ அதன் உடன்பிறப்பு. ஏத் என்றால் உண்ணுதல், வடமொழியில் ‘அத்’. சாப்பாட்டை ரஷ்யர்கள் இன்றும் ‘யெதா’ என்கிறார்கள். நடுவில் வகரம் எப்படி வந்தது? மனு + அந்தரம் மன்வந்தரம் ஆவதைப் பாருங்கள், அதே புணர்ச்சி. ரிக் வேதத்தில் ஒரு மரத்தில் இரு பறவைகள் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற சூக்தத்திலேயே (1.164) பறவைகளை ‘மத்வத’ என்று சொல்லும் இடம் உண்டு. மது + அத், தேனுண்பவை. அச்சு அசலாக அதே கட்டுமானம். ஆக, கரடி தேன்தின்னி.

காணொளிக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அறிதலைக் குறிக்கும் ‘வேத்’ ஸ்லாவியத்திலும் உண்டு, நம் வேதத்துக்கு உறவும்கூட. ரஷ்யர்களே பலர் அப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள். உள்ளிருக்கும் பொருள் மறந்துபோனால் சொல் உருவமும் இளகிவிடுகிறது. உக்ரேனியர் முன்பின்னாக்கி ‘வெத்மித்’ என்கிறார்கள். போலிஷில் மகரம் நகரமாகி ‘நியெஜ்வியெச்’. செக் வட்டார வழக்கிலும் அப்படியே. 2003-இல் ஐரோப்பாவின் தங்கப் பந்து விருது பெற்ற செக் கால்பந்து வீரர் பாவெல் நெத்வேதின் குடும்பப் பெயர் கரடிதான்.

என்னை உண்மையில் உலுக்குவது வேறொன்று. கரடிக்கு இதைவிடப் பழைய பெயர் உண்டு. வடமொழியில் ரிக்ஷ (ஜாம்பவான் ரிக்ஷராஜன் அல்லவா), கிரேக்கத்தில் அர்க்தோஸ், லத்தீனில் உர்சுஸ். ஸ்லாவிய மொழிகளில் அது அடியோடு அழிந்துவிட்டது. பெயரைச் சொன்னால் எதிரே வந்து நிற்கும் என்று காட்டில் அஞ்சியவர்கள் ‘தேன்தின்னி’ என்று மறைத்துச் சொன்னார்கள் என்பது அறிஞர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். இரவில் பாம்பைப் பூச்சி என்ற பாட்டியிடம் வளர்ந்த எனக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை.

மறைபெயரே இயற்பெயராகிவிட்ட பிறகு ரஷ்யக் கதைகள் கரடிக்கு வேறு செல்லப்பெயர்களை வைத்துக்கொண்டன. அதிகம் கேட்பது ‘மீஷா’. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமான கரடிக்குட்டிக்கும் அந்தப் பெயர்தான்.