முறைப்பாட்டில் விடுபட்ட வசவு

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அண்மையில் ஓரிரவு சிலர் வந்து, எங்கள் சமயத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டே கண்ணாடி அலுமாரியை உடைத்துவிட்டுப் போனார்கள். பொலிஸ் முறைப்பாட்டில் ‘சொத்துச் சேதம்’ என்று மட்டுமே இருக்கிறது. வெறுப்புக் குற்றங்களுக்குக் கடுமையான சட்டம் வேண்டாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டும், ஆனால் கடுமை எந்த இடத்தில் வேண்டும் என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். குடிவெறியில் வந்த ஒருவன் அந்த அலுமாரியை உடைத்திருந்தால் நட்டம் உங்களோடு முடிந்திருக்கும். சமயத்தைச் சொல்லி உடைத்ததால், மறுநாள் அந்தத் தெருவில் உங்கள் சமயத்தவர் அத்தனை பேரும் நேரத்தோடு கடையைச் சாத்தியிருப்பார்கள். இங்கிலாந்தில் 1998 ஆம் ஆண்டுச் சட்டம், இனப்பகையோடு செய்யப்படும் தாக்குதலுக்கும் சேதத்துக்கும் தண்டனையைக் கூட்டியது. 2001 இல் சமயப்பகையும் அதில் சேர்க்கப்பட்டது. நமது தண்டனைச் சட்டக்கோவையில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை.

பேச்சுக்கு மட்டும் கடுமைக்குக் குறைவில்லை. ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) எனப்படும் 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, வன்முறையைத் தூண்டும் இன, மத வெறுப்புப் பரப்புரைக்குப் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பிணை கேட்டு மேல் நீதிமன்றம் வரை போகவேண்டும். 2019 இல் அது யாரைப் பிடித்தது? சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளரையும், தர்மச்சக்கரம் என்று தவறாக நினைக்கப்பட்ட கப்பல் சுக்கான் சக்கரத்தின் படம் போட்ட உடை அணிந்திருந்த ஒரு முஸ்லிம் பெண்ணையும்! 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டபோதும் இதே சட்டம் இருந்தது. மாத்திரை என்று சொல்லப்பட்டது வெறும் மாக்கட்டி என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு உறுதிசெய்தார்.

ஆகவே நான் கேட்கும் சட்டம், வாயைவிடக் கையைப் பார்க்கும் சட்டம்: குற்றத்தின் நோக்கத்தை முறைப்பாட்டிலேயே பதிவதைப் பொலிஸாரின் கடமையாக்கி, அது நிரூபிக்கப்பட்டால் தண்டனையைக் கூட்டவேண்டும்.

அதுவரை காத்திராதீர்கள். மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுங்கள். தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கும்வரை கையொப்பமிடாதீர்கள். ‘தகாத வார்த்தையால் ஏசினர்’ என்று எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள், அவர்கள் சொன்ன சொல்லை, வாய் கூசினாலும், அப்படியே பதியச் சொல்லுங்கள். மறுத்தால் கல்முனையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள்.