விமான விபத்துக்குப் பாலிசி இருக்கிறது, மாரடைப்புக்கு?

கேள்வி: வயது 38. இரண்டு சின்னக் குழந்தைகள், என் சம்பளம் ஒன்றுதான் வருமானம். வீட்டுக்கடன் முடிய இன்னும் 14 ஆண்டுகள் ஆகும். தனிநபர் விபத்து, புற்றுநோய், கைப்பேசி என மூன்று காப்பீடுகள் வைத்திருக்கிறேன். குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசியை, உயிரோடு இருந்தால் கட்டிய பணம் திரும்பி வராது என்பதால் எடுக்கவில்லை. விமான விபத்துச் செய்திகளைப் பார்த்ததிலிருந்து பயம். விபத்துக் காப்பீட்டுத் தொகையைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். அந்தப் பிரீமியத்தை டேர்ம் பாலிசிக்குக் கட்டுங்கள்.

நீங்கள் காப்பீடு வாங்கியிருப்பது மனதில் சட்டென்று வந்து நிற்கும் ஆபத்துகளுக்கு. இது எல்லோருக்கும் நடப்பதுதான். எதனால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று அமெரிக்க மக்களை மதிப்பிடச் சொன்ன ஆய்வு ஒன்று 1978இல் வெளிவந்தது. விபத்தும் நோயும் ஏறக்குறைய ஒரே அளவு உயிர்களைப் பறிப்பதாக அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் நோயால் இறந்தவர்கள் சுமார் 15 மடங்கு. கொலையையும் சூறாவளியையும் மிகையாகவும், பக்கவாதம், நீரிழிவு, ஆஸ்துமாவைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். செய்தியில் வராத சாவு கணக்கிலும் வருவதில்லை.

பாலிசி வாங்கும்போது இதே தவறு பணமாகிறது. 1993இல் வெளியான இன்னோர் ஆய்வில், பயங்கரவாதத்தால் இறந்தால் மட்டும் பணம் தரும் விமானக் காப்பீட்டுக்கு, எந்தக் காரணமானாலும் தரும் காப்பீட்டைவிடச் சற்று அதிக விலை கொடுக்க மக்கள் தயாராக இருந்தார்கள். இரண்டாவதற்குள் முதலாவது அடங்கிவிடுகிறது என்பது தோன்றவில்லை. கண்முன் தெளிவாகத் தெரியும் பயத்துக்குத்தான் கை நீள்கிறது.

உங்கள் குடும்பத்துக்கு நட்டம் ஒன்றுதான்: சம்பளம் நின்றுபோவது. விபத்து பாலிசியில் மாரடைப்புச் சாவுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. புற்றுநோய் பாலிசி பக்கவாதத்தைத் திரும்பிப் பார்க்காது. டேர்ம் பாலிசியோ, விதிவிலக்குகள் போக, நோயா விபத்தா என்று கேட்காமல் தரும். பணம் திரும்பாததால்தான் அதன் பிரீமியம் இவ்வளவு குறைவு. நீங்கள் குறை என்று ஒதுக்கியதே அதன் பலம்.

தொகையை இப்படிப் போடுங்கள்: கடன் பாக்கி, அதனுடன் கடன் தவணை நீங்கலான ஆண்டுச் செலவை இளைய குழந்தை சம்பாதிக்கத் தொடங்கும் வரையுள்ள ஆண்டுகளால் பெருக்கி வரும் தொகை, அதிலிருந்து கையிலுள்ள சேமிப்பைக் கழியுங்கள். விலைவாசி ஏறும் என்பதால் வரும் தொகையைச் சற்றுக் கூட்டி முழுத் தொகையாக்குங்கள். காலம் குறைந்தது கடன் முடியும் வரையாவது இருக்கட்டும்.

உயிரோடு இருந்தும் வேலை செய்ய முடியாமல் போவது பலருக்குத் தோன்றவே தோன்றாத ஆபத்து. இப்போதுள்ள விபத்து பாலிசியில் நிரந்தர ஊனத்துக்கும் தற்காலிக வருமான இழப்புக்கும் என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பிரிவு நன்றாக இருந்தால் பாலிசியை அப்படியே வைத்திருங்கள். கைப்பேசிக் காப்பீட்டை அடுத்த முறை புதுப்பிக்காதீர்கள். கைப்பேசி உடைந்தால் ஒரு மாதச் சேமிப்பு தாங்கும்.

விண்ணப்பத்தில் புகைப்பழக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்ப நோய் வரலாறு எதையும் மறைக்காதீர்கள். பணம் கேட்கும் நேரத்தில் மறுப்பதற்கு வழக்கமான காரணம் இதுதான், அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். புதிய பாலிசி கைக்கு வந்து, வாரிசு பெயர் சரியாகப் பதிவாகியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே புற்றுநோய் பாலிசியை என்ன செய்வது என்று யோசியுங்கள்.