மனுவில் ‘நியூசன்ஸ்’ என்று எழுதலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதுகிறார்: அடுத்த தோட்டத்துக் கோழிப்பண்ணையின் நாற்றமும் ஈயும் தெருவையே வாட்டுகின்றன, பலமுறை சொல்லியும் பயனில்லை. ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியருக்கு) மனு எழுதித் தந்தவர் அதில் ‘நியூசன்ஸ்’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார். அது பண்ணைக்காரரைத் திட்டுவதாகாதா, ‘ஹராஸ்மென்ட்’ என்று மாற்றலாமா, மனுவைத் தமிழில் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

அந்தச் சொல்லை மாற்ற வேண்டாம். ‘அவன் ஒரு நியூசன்ஸ்’ என்று நாம் ஆளைக் குறித்துச் சொல்லிப் பழகியதால்தான் அது வசவுபோல் ஒலிக்கிறது. ‘கமிட் நோ நியூசன்ஸ்’ என்று சுவரில் எழுதிவைத்த வழக்கத்தால், சிறுநீர் கழிப்பது மட்டுமே நியூசன்ஸ் என்று எண்ணுவோரும் உண்டு. சட்டத்தில் அது ஆளைக் குறிப்பதன்று. ஒரு செயலும் அதனால் அக்கம்பக்கத்தாருக்கு விளையும் கேடும் சேர்ந்ததே நியூசன்ஸ். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவு, பொதுமக்களுக்கோ அருகில் வசிப்போருக்கோ பொதுவான தீங்கையோ ஆபத்தையோ தொல்லையையோ உண்டாக்கும் செயலைப் பொதுத் தொல்லை என்கிறது. அதனால் யாருக்கேனும் ஏதோ ஒரு வசதியோ ஆதாயமோ உண்டு என்பது சமாதானமாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ‘அப்பா காலத்துப் பண்ணை’ என்ற வாதமும் பொதுத் தொல்லைக்கு உரிமை தந்துவிடாது.

‘ஹராஸ்மென்ட்’ இங்கே பொருந்தாது. ஒருவரைக் குறிவைத்து மீண்டும் மீண்டும் துன்புறுத்துவதை அச்சொல் உணர்த்துகிறது. அதை எழுதினால், பண்ணைக்காரர் வேண்டுமென்றே உங்களை வதைக்கிறார் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். அவரோ ‘எனக்கு யார்மீதும் பகையில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நியூசன்ஸ் என்றால் அவருடைய மனத்தில் இருந்ததைத் தேட வேண்டியதில்லை. தெருவில் நடப்பதைக் காட்டினால் போதும்.

ஆகவே, ‘இவர் எங்களுக்குப் பெரிய நியூசன்ஸாக இருக்கிறார்’ என்று எழுதாமல், ‘இப்பண்ணையின் கழிவு அகற்றப்படாமல் கிடப்பதால் எழும் நாற்றமும் ஈயும் இத்தெருவில் குடியிருப்போருக்குப் பொதுத் தொல்லையாக உள்ளன’ என்று எழுதுங்கள். எந்த நேரத்தில் நாற்றம் மிகுகிறது, எத்தனை வீடுகள் பாதிக்கப்படுகின்றன, யாருக்கு என்ன உடல்நலக் குறைவு என்பதைத் தேதியுடன் குறித்து, பாதிக்கப்பட்ட வீட்டார் அனைவரும் கையெழுத்திடுவது மிக முக்கியம். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டுமே இடையூறு என்றால் அது தனியார் தொல்லை. அதற்குத் தடையுத்தரவு கேட்டு முன்சிஃப் கோர்ட்டில் உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டும்.

பொதுத் தொல்லைக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) வழி தருகிறது. சமூகத்தின் உடல்நலத்துக்கோ உடல் சௌகரியத்துக்கோ கேடான தொழிலைக் குறித்த காலத்துக்குள் நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ வேண்டும், ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து காரணம் காட்ட வேண்டும் என்று சார்கோட்ட நடுவர் நிபந்தனை ஆணையிடலாம். அந்த நடுவர் நீங்கள் மனு எழுதும் ஆர்.டி.ஓ.வேதான். குற்றமாக வழக்கு நடந்து முடிந்தாலும் நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய்க்கு மேல் போகாது; ஆதலால் தண்டனையைக் கேட்பதைவிடத் தொல்லையை நீக்கும் ஆணையைக் கேட்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. மனுவின் நகலைப் பஞ்சாயத்துக்கும் கொடுத்து, பண்ணைக்கு உரிமம் உள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மனுவைத் தாராளமாகத் தமிழில் கொடுக்கலாம். ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுச் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு தருகிறது. மொழிச் சிறுபான்மையினராகிய தமிழர் நிறைந்த உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் மனு புதிதும் அன்று. ஆயினும் கோப்பு மலையாளத்தில் நகரும் என்பதால், ‘பொதுத் தொல்லை’ என்று எழுதும் இடத்தில், அம்மொழியில் வழங்கும் ‘பொதுசல்யம்’ என்ற சொல்லையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள். வேறு பிரிவுக்கு மனு திசைமாறாது.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நடுவரின் ஆணை அவருடைய எல்லைக்குள்தான் செல்லும். பண்ணை நிற்கும் நிலம் கோபாலபுரம் பக்கம், தமிழ்நாட்டுப் புல எண்ணில் இருந்தால், உங்கள் வீடு கேரளத்தில் இருந்தாலும் மனு பொள்ளாச்சி சார் ஆட்சியருக்கே போக வேண்டும்.