பாலிசிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் வேலை, சம்பளம் 32,000. எட்டு மாத மகனுக்கு இடது விதை விதைப்பைக்குள் இறங்கவில்லை. மண்ணீரல் திசு அதோடு ஒட்டியிருக்கலாம் என்கிறது ஸ்கேன். தனியாரில் 1.3 லட்சம் ஆகுமாம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் கேட்டால், 'பிறவிக் குறை, கிடைக்காது' என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். புது பாலிசி எடுத்துக் காத்திருக்கவா, நகையை வைக்கவா? 2 லட்சம் எஃப்டி இருக்கிறது.

பதில்: காத்திருக்கவே வேண்டாம். தெரிந்த நோயை மறைத்து பாலிசி எடுக்க முடியாது, சொல்லி எடுத்தால் 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம், அதற்குள் பையனுக்கு மூன்று வயது தாண்டிவிடும். இந்த ஆபரேஷனை 6 முதல் 18 மாதத்துக்குள் முடிப்பதுதான் நல்லது என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் விதை தானாக இறங்குவது அபூர்வம், தள்ளத் தள்ள பின்னாளில் விந்து உற்பத்தி பாதிக்கப்படலாம்.

மண்ணீரல் ஒட்டியிருப்பது மிக அரிது, பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும், புற்றுநோயும் அல்ல. ஆனால் கட்டி என்று நினைத்து நல்ல விதையையே எடுத்துவிட்ட கதைகள் உண்டு. அதனால் விலை விசாரிக்கும் முன் குழந்தைகள் அறுவைசிகிச்சை நிபுணரைப் பாருங்கள். பக்கத்திலேயே புதுச்சேரியில் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, செலவும் தனியாரைவிட ரொம்பக் குறைவு. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அது உங்களுக்கு ஒத்துவராது.

போனில் சொன்னதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் விதியில் பிறவிக் குறை இரண்டு வகை: வெளியே தெரிவது, உள்ளே இருப்பது. உள்ளே இருப்பதை ஒரேயடியாக விலக்க முடியாது. விதை, மண்ணீரல் திசு எங்கே இருக்கிறது என்பதை டாக்டர் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். அதைவிட முக்கியம், குழந்தையின் பெயர் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று எச்ஆரிடம் இன்றைக்கே கேளுங்கள். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கேஷ்லெஸ், அதாவது ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸே நேரடியாகக் கட்டுவதை, மறுத்தாலும் பில், டிஸ்சார்ஜ் சம்மரி வைத்து கிளெய்ம் போடலாம். அதையும் மறுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நகையைத் தொடாதீர்கள், எஃப்டியின் மேல் கடன் வாங்குங்கள். எஃப்டிக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூட. கிளெய்ம் வந்ததும் அடைத்துவிடலாம். முதிர்வு ரொம்பத் தள்ளி இருந்து கிளெய்மும் வராது என்று ஆகிவிட்டால், எஃப்டியையே உடைத்துவிடுங்கள்.