காது கேளாதவர்களுக்குக் கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில்தானே வைக்கிறார்கள், நடுக்காதை ஏன் அவ்வளவு ஆராய்கிறார்கள்?

உள்காதுக்குப் போகிற வழியே நடுக்காதுதான். அந்த வழி எவ்வளவு குறுகல் என்பது எங்கள் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது அவளுக்கு இரண்டரை வயது.

சிடி ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் டாக்டர் பேனாவால் வரைந்து காட்டினார். காதுக்குப் பின்னால் தடவினால் மேடாகத் தட்டுப்படுமே, அந்த எலும்பை டிரில்லால் குடைந்துகொண்டு போகிறார்கள். நடுக்காதை நெருங்கும்போது ஒரு பக்கம் முகத்தை அசைக்கும் முகநரம்பு. மறுபக்கம் அதிலிருந்தே பிரிந்து, நாக்கின் முன்பகுதிச் சுவைக்குப் போகும் மெல்லிய கிளை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 3, 4 மில்லிமீட்டர் சந்து. அதைத் திறந்தால்தான் காக்ளியாவின், அதாவது உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் பகுதியின், வட்டச் சாளரம் என்ற சின்னத் திறப்பு கண்ணில் படும். கருவியின் மெல்லிய கம்பியான எலக்ட்ரோடு அதன் வழியாகவோ, அதன் ஓரமாகத் துளை போட்டோ உள்ளே போகும். டிரில் படாவிட்டாலும் அதன் சூடே நரம்பைக் கெடுத்துவிடும் என்பதால் விடாமல் தண்ணீர் விட்டபடியே குடைவார்களாம்.

“இதெல்லாம் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தானே இருக்கும்?” என்று கேட்டேன். இல்லையாம். உள்காது சரியாக உருவாகாத குழந்தைகளுக்கு முகநரம்பே வேறு பாதையில் ஓடலாம். வட்டச் சாளரம் எலும்பு விளிம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். அங்கே வழிகாட்டுவது நடுக்காதின் குட்டி எலும்புகள். பட்டடை எலும்பை வைத்து முகநரம்பு எங்கே என்று கணிக்கிறார்கள். அங்கவடி எலும்பைக் கண்டுபிடித்தால் அதற்குச் சற்றுக் கீழே சாளரத்தைத் தேடலாம்.

எங்களுக்கு முதலில் கொடுத்த தேதி தள்ளிப்போனது. சளி பிடித்து அவள் காதில் சீழ் வந்திருந்தது. காப்பீட்டு அனுமதிக்காக நடையாய் நடந்திருந்த எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நடுக்காதில் கிருமி இருக்கும்போது எலக்ட்ரோடைச் செருகினால், அது போகும் பாதையிலேயே கிருமி உள்காதுக்கும், அங்கிருந்து மூளையுறைக்கும் போய்விடலாம். நிமோகாக்கல் தடுப்பூசியைக் கட்டாயம் போடச் சொல்வதும் இதனால்தான். உங்கள் குழந்தைக்கும் தேதி தள்ளிப்போனால் தயவுசெய்து டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் ஒரு நாள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் வீறிட்டு அழுதாள். டாக்டர் தலைக்கட்டைக்கூடப் பிறகுதான் பார்த்தார். முதலில் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோணுகிறதா, இரண்டு கண்ணும் இறுக மூடுகிறதா என்று. பிறகு என் மனைவியிடம், “நல்லா அழட்டும்மா, முகம் சரியா இருக்கு” என்றார்.