கடன் நிவாரணம் என்றால் என்ன? ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது ஏன் தேவைப்பட்டது?

ஒரு நாடு பிற அரசுகளிடமும் உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் போன்ற அமைப்புகளிடமும் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்வதையோ, வட்டியைக் குறைத்துத் தவணைக் காலத்தை நீட்டித்துத் தருவதையோ கடன் நிவாரணம் என்கிறோம்.

அதன் தேவையை ஜாம்பியாவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி செம்பிலிருந்து வருகிறது. 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்தபோது வருவாய் சுருங்கியது. ஆனால் அயல்நாட்டு நாணயத்தில் வாங்கிய கடன் சுருங்கவில்லை, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்க வேண்டியதாயிற்று. மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லை விற்று வட்டி கட்டும் குடும்பத்தின் நிலை இது: மறு ஆண்டு மழை பெய்தாலும் விதைக்க ஒன்றும் இருக்காது.

கடன்சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான நிவாரணத் திட்டத்தை உலக வங்கியும் நாணய நிதியமும் 1996இல் தொடங்கின. ஜாம்பியா அதன் இறுதிக் கட்டத்தை, அதாவது கடன் தள்ளுபடி உறுதியாகும் கட்டத்தை, 2005இல் எட்டியது. மறு ஆண்டே கிராமப்புற அரசு சுகாதார நிலையங்களில் நோயாளிகளிடம் வாங்கிய கட்டணத்தை நீக்கியது. நிவாரணத்தின் உண்மையான பயனை இங்கேதான் காண்கிறேன். எனினும், மீண்டும் கடன் பெருகி, 2020இல் அந்நாடு தவணை தவறியது வேதனைக்குரியது. இம்முறை சீனாவும் தனியார் முதலீட்டாளர்களும் பெருமளவு கடன் கொடுத்தவர்களாக இருந்ததால், கடன் கொடுத்த அரசுகளுடனான உடன்பாடே 2023இல்தான் எட்டப்பட்டது.

கடன் நிவாரணம் என்பது அரசின் கையில் புதிதாகப் பணம் கொடுப்பது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தவணையாக வெளியேறியிருக்க வேண்டிய பணம், பல நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னரே நாட்டுக்குள் தங்குகிறது.